பிறீசர் பெரிதானால் கம்பனி பெரிதாகுமா? உறைய வைத்த உணவுத் தொழில் வளரும் விதம்

யாழ்ப்பாணத்தில் உறைய வைத்த உணவுத் தொழில் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் கணக்கு ஒரே மாதிரித்தான் போடப்படுகிறது. கடலில் இறால், நண்டு, கணவாய் இருக்கின்றன. தோட்டத்தில் முருங்கைக்காயும் வளவில் பலாவும் இருக்கின்றன. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் வாங்குவதற்கு நம்மவர்கள் இருக்கிறார்கள். நாலு பெரிய பிறீசர் வாங்கிப் போட்டால் ஒரு தொழிற்சாலை. வருகிற வருடம் இன்னும் நாலு வாங்கினால் அது இரு மடங்கு.

கடலும் தோட்டமும் சந்தையும் பற்றிய பகுதி சரி. பிறீசர் பற்றிய பகுதி தவறு, பணம் கரைவதும் அங்கேதான். இந்தத் தொழிலில் முப்பது நாற்பது வருடம் நின்று வளரும் கம்பனி ஒரே சீராகப் பெருப்பதில்லை. ஒரு காலத்தில் ஓரிடத்தில் முட்டுப்பட்டு நிற்கும். அந்த இடத்தைத் திறந்ததும் கொஞ்சத் தூரம் ஓடும். பிறகு வேறோர் இடத்தில் முட்டும். எங்கெங்கே முட்டும் என்பது விளங்க வேண்டுமானால், முதலில் உறைதல் என்றால் என்ன என்று பார்த்துவிட வேண்டும்.

குளிர் என்று ஒரு பொருள் கிடையாது

மாரி மழையில் முற்றத்தில் வெள்ளம் நின்றால் வாளியால் அள்ளி வெளியே ஊற்றுகிறோம். காய்ந்த தரையை எங்கிருந்தோ கொண்டுவந்து போடுவதில்லை. தண்ணீர் போனால் தரை தானாகத் தெரியும். பிறீசர் செய்வதும் இதே வேலைதான். உணவில் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. பிறிஜ்ஜின் பின்பக்கத்தில் கை வைத்தால் சுடுவது அப்படிக் கொட்டப்பட்ட வெப்பம்.

எவ்வளவு அள்ள வேண்டும்? நம் ஊர் வெயிலில் 30 பாகை செல்சியசில் இருக்கும் 1 லீற்றர் தண்ணீரை எடுங்கள். அதை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 125 கிலோயூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். 0 பாகைத் தண்ணீரை 0 பாகை ஐஸ் ஆக்குவதற்கு 334 கிலோயூல். அந்த ஐஸை −18 பாகைக்கு இறக்க 38 கிலோயூல் போதும். நடுவில் இருக்கும் பெரிய எண்ணைக் கவனியுங்கள். அந்த நேரம் முழுக்க வெப்பமானி அசையாது, ஆனால் மொத்த வேலையின் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. வெப்பநிலை மாறாமல் நிலைமாற்றத்துக்கு மட்டும் செலவாகும் இந்த வெப்பத்துக்கு மறைவெப்பம் என்று பெயர்.

இறாலில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். ஆகவே 1 கிலோ இறாலை நம் ஊர் வெப்பத்திலிருந்து −18 பாகைக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 400 கிலோயூல் எடுக்க வேண்டும். கடையில் வாங்கும் ஒரு பெட்டிப் பிறீசர் செக்கனுக்கு 200 யூல் வெப்பத்தை அள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் 50 கிலோ இறாலைப் போட்டால் அள்ள வேண்டியது 20,000 கிலோயூல். வகுத்துப் பாருங்கள்: கிட்டத்தட்ட 28 மணித்தியாலம். சுவரால் உள்ளே கசியும் வெப்பமும் மூடியைத் திறக்கும்போது நுழையும் வெப்பமும் இந்தக் கணக்கில் இல்லை. அவற்றையும் சேர்த்தால் இரண்டாம் நாள் பின்னேரம்தான் நடுவிலிருக்கும் இறால் இறுகும்.

ஐஸ்கிரீம் ஏன் நறநறக்கிறது

இரண்டு நாள் எடுத்தால் என்ன, கடைசியில் உறைகிறதுதானே என்று கேட்கலாம். இதற்கு ஐஸ்கிரீமிடமே பதில் இருக்கிறது. கடையில் வாங்கிய ஐஸ்கிரீம் வீடு வந்து சேர்வதற்குள் இளகி, வீட்டுப் பிறிஜ்ஜில் மறுபடி இறுகினால், வாயில் போட்டதும் மணல் போல நறநறக்கும். பொருள் அதேதான், உள்ளே இருக்கும் ஐஸ் துணுக்குகள் பெருத்துவிட்டன. இந்தத் துணுக்குகளைப் பளிங்குகள் என்கிறோம்.

மீனிலும் இறாலிலும் பளிங்கு பெருத்தால் நறநறப்பதோடு முடியாது. தசை முழுவதும் நுண்ணிய கலங்களால் ஆனது. ஒவ்வொரு கலமும் மெல்லிய தோலுக்குள் கட்டிய தண்ணீர்ப் பை. −1 பாகைக்கும் −5 பாகைக்கும் இடையில்தான் பெரும்பாலான தண்ணீர் ஐஸ் ஆகிறது. இந்த இடைவெளியை மெதுவாகக் கடந்தால் சில பளிங்குகள் மட்டும் தோன்றி, கலங்களுக்குள் இருக்கும் தண்ணீரையும் வெளியே இழுத்துக்கொண்டு பெரிதாக வளரும். தண்ணீர் ஐஸ் ஆகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியவும் செய்யும். கலத்தின் தோல் கிழிகிறது. விரைவாகக் கடந்தால் எண்ணற்ற சிறு பளிங்குகள் கலங்களுக்குள்ளேயே இருந்த இடத்தில் தோன்றும், சேதம் குறைவு.

கிழிந்தது உறைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது. இளக வைக்கும்போதுதான் தெரியும். கோப்பையின் அடியில் தேங்கும் கலங்கிய நீர் அந்தக் கலங்களிலிருந்து வெளியேறியது. நிறையும் போய்விட்டது, சுவையும் போய்விட்டது. மிஞ்சிய இறாலைக் குழம்பில் போட்டால் றப்பர் மாதிரி இருக்கும். “உறைய வைத்த இறால் ருசியில்லை” என்று நம் ஊரில் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் குற்றம் உறைதலில் இல்லை, மெதுவாக உறைந்ததில் இருக்கிறது.

இங்கே இன்னொரு விதியும் வேலை செய்கிறது. உறைய எடுக்கும் நேரம் பொருளின் தடிப்போடு சேர்ந்து நேர்விகிதத்தில் கூடுவதில்லை. தடித்த பொருளில் அது தடிப்பின் வர்க்கத்தை நெருங்கிக் கூடுகிறது. 5 சென்ரிமீற்றர் தடிப்பான பாளத்துக்கு 3 மணித்தியாலம் என்றால் 10 சென்ரிமீற்றர் பாளத்துக்கு 12 மணித்தியாலத்தை நெருங்கலாம். வீட்டில் மீன் வைப்பவர்களுக்கும் இது உதவும்: 2 கிலோவை ஒரே உருண்டைப் பையில் கட்டாமல், அரைக் கிலோ அரைக் கிலோவாகத் தட்டையாகப் பரப்பி வையுங்கள்.

உறைய வைப்பது வேறு, உறைந்ததை வைத்திருப்பது வேறு

தொழிற்சாலையில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வெவ்வேறு இயந்திரம். இதைப் பிரித்தறியாததுதான் நாலு பிறீசர் கணக்கின் மூலத் தவறு.

உறைய வைக்கும் இயந்திரங்களில் முக்கியமானவை மூன்று வகை. பிளாஸ்ட் பிறீசர் என்பது −35 முதல் −40 பாகை வரையான காற்றைப் பலத்த விசிறியால் தட்டுகளுக்கிடையே ஊதும் அறை. பிளேட் பிறீசரில் குளிர்ந்த உலோகத் தகடுகள் பாளத்தை மேலும் கீழும் அழுத்திப் பிடித்துக்கொள்கின்றன. காற்றைவிட உலோகம் வெப்பத்தை வேகமாக இழுப்பதால், கணவாய், இறால் பாளங்களுக்கு இது சிறந்தது. மூன்றாவதைத் தொழிலில் ஐ.கியூ.எஃப் என்கிறார்கள்: பட்டியில் ஓடிவரும் இறால்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சில நிமிடங்களில் உறையும். பக்கற்றை உடைத்து வேண்டிய பத்து இறாலை மட்டும் எடுக்க முடிவது இதனால்.

குளிரறை இவை எதுவும் அல்ல. ஏற்கெனவே −18 பாகையில் இருக்கும் பொருளை அதே நிலையில் காப்பதே அதன் வேலை. உறைய வைத்த உணவுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட எல்லை அந்த −18. சுவரால் கசியும் வெப்பத்தையும் கதவால் நுழையும் வெப்பத்தையும் அள்ளும் அளவுக்கே குளிரறையின் இயந்திரம் இருக்கும். 1 தொன் இறாலை 4 மணித்தியாலத்தில் உறைய வைக்க, பொருளுக்கு மட்டுமே ஏறக்குறைய 28 கிலோவாற்று குளிரூட்டும் திறன் தேவை. அவ்வளவு திறன் ஒரு சாதாரண குளிரறையில் இருக்காது.

நெருக்கடி நாளில் நடக்கும் பிழை எப்போதும் ஒன்றுதான். இறால் அதிகம் பட்ட நாள். பிளாஸ்ட் பிறீசர் நிரம்பிவிட்டது. மிச்சத்தை “இதுவும் குளிர்தானே” என்று குளிரறைக்குள் தள்ளுகிறார்கள். புதிய இறால் மெதுவாக உறைந்து கெடுவது முதல் இழப்பு. அதன் வெப்பம் பக்கத்திலிருக்கும் நல்ல பெட்டிகளை −10 பாகைக்கு ஏற்றி, அவற்றுக்குள் இருக்கும் பளிங்குகளைப் பெருக்க வைப்பது இரண்டாவது. ஈரம் குளிரூட்டும் சுருளில் பனியாகப் படிந்து காற்றை அடைத்து, அறை முழுவதன் திறனையும் குறைப்பது மூன்றாவது. அரைத் தொன்னைக் காப்பாற்றப் போய் பத்துத் தொன்னின் தரம் இறங்குகிறது.

உறைதல் செய்யாத வேலைகள்

உறைதல் கிருமியைக் கொல்லாது. பற்றீரியாவைப் பெருகவிடாமல் நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். இளகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். கெட்ட மீனை உறைய வைத்தால் கிடைப்பது உறைந்த கெட்ட மீன். ஆகவே தொழிற்சாலையின் வேலை வாசலில் தொடங்குவதில்லை, வள்ளத்தில் தொடங்குகிறது. நம் வெப்பத்தில் 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்ற அளவில், படை படையாக இட வேண்டும். மேலே மட்டும் கொட்டிய ஐஸ் கீழிருக்கும் மீனுக்கு உதவாது.

நொதியங்களையும் உறைதல் முழுதாக நிறுத்தாது. நொதியம் என்பது உயிர்ப்பொருளுக்குள் மாற்றங்களை நடத்தும் புரதம். முருங்கைக்காயையோ பயற்றங்காயையோ பச்சையாக உறைய வைத்தால் சில மாதத்தில் நிறம் மங்கி வைக்கோல் மணம் வருவது அதனால். கொதிநீரிலோ ஆவியிலோ 1 முதல் 3 நிமிடம் வாட்டி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு எடுத்தால் நொதியம் செயலிழக்கும். நேரம் குறைந்தால் பயனில்லை, கூடினால் காய் வெந்துவிடும். காயின் தடிப்பைப் பார்த்துச் சோதித்துத்தான் நிமிடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

காய்ந்துபோவதையும் தனியாகத் தடுக்க வேண்டும். ஐஸ் தண்ணீராகாமலே நேரடியாக ஆவியாகும், இதுதான் பதங்கமாதல். மூடாத மீனின் ஓரங்கள் வெளுத்து அட்டை மாதிரி ஆவது இதனால். இறாலை உறைய வைத்த கையோடு பனித்தண்ணீரில் முக்கி எடுத்து, மெல்லிய ஐஸ் போர்வை போர்த்துவது அதற்கான காப்பு. இதைக் கிளேஸ் என்பார்கள். நேர்மையான கம்பனி, கிளேஸ் நீங்கலான நிறையைப் பக்கற்றில் எழுதும். 20 சதவீதக் கிளேஸ் உள்ள 1 கிலோப் பக்கற்றில் இறால் 800 கிராம் மட்டுமே.

இதுவரை சொன்னதன் சாரம்: உறைதல் என்பது வெப்பத்தை விரைவாக வெளியேற்றுவது, அதன் பின் −18 பாகையை ஒருமுறைகூட விடாமல் பிடித்திருப்பது. வேகம், தொடர்ச்சி இரண்டும் வேண்டும். இனிக் கம்பனியின் வளர்ச்சிக்கு வருவோம்.

வாய்க்காலின் ஒடுக்கம்

வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் மாறியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிணற்றிலிருந்து பாத்திக்குப் போகும் வாய்க்கால் நடுவில் ஓரிடத்தில் ஒடுங்கியிருந்தால், கடைசிப் பாத்திக்குச் சேரும் தண்ணீரைத் தீர்மானிப்பது அந்த ஒடுங்கிய இடம்தான். இன்னும் பெரிய பம்ப் பூட்டினால் கரை உடையுமே தவிர, பாத்தி நனையாது. தொழிலில் அப்படி ஒடுங்கிய படியை இந்தக் கட்டுரையில் ஒடுக்கம் என்று சொல்வோம்.

உறைய வைத்த உணவுக் கம்பனி ஒரு நீண்ட வாய்க்கால். வள்ளம், ஐஸ், லொறி, உரிக்கும் மேசை, உறைபொறி, குளிரறை, கொள்கலன், கப்பல், அந்நிய நாட்டுக் கடையின் பிறீசர், வாங்குபவரின் வீடு. ஒடுக்கம் இவற்றில் எங்கும் இருக்கலாம். அது நம் மதிலுக்கு வெளியேகூட இருக்கலாம் என்பதற்கு, இந்தத் தொழிலின் தொடக்க வரலாறே சான்று. கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1910களில், இன்று கனடாவைச் சேர்ந்த லாப்ரடோர் பகுதியில் இருந்தார். அப்பகுதிப் பழங்குடிகளான இனுயிட் மக்கள் கடும் பனிக்காற்றில் பிடித்த மீன் கணத்தில் இறுகியதையும், மாதங்கள் கழித்தும் அது புதிதாக இருந்ததையும் அங்கே கண்டார். 1920களின் நடுப்பகுதியில் விரைவு உறைதலுக்கான இயந்திரத்தை உருவாக்கினார். 1929 இல் அவருடைய கம்பனியும் காப்புரிமைகளும் 2.2 கோடி டொலருக்கு விற்கப்பட்டன. 1930 மார்ச்சில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரக் கடைகளில் விற்பனை தொடங்கியது.

இயந்திரமும் பணமும் இருந்தும் உறைய வைத்த உணவு உடனே நாடெங்கும் பரவவில்லை. கடைகளில் அதை வைத்து விற்கப் பெட்டி இல்லை, கொண்டுபோக வண்டியில்லை, வீடுகளில் பிறீசர் இல்லை. கடைகளுக்குக் குறைந்த வாடகையில் பெட்டி கொடுக்கவும், ரயிலில் குளிரூட்டிய பெட்டிகளை ஏற்பாடு செய்யவும் வேண்டியிருந்தது. பரவலாக விற்க 1940கள், 1950கள் வரை காத்திருக்க நேர்ந்தது. ஒடுக்கம் தொழிற்சாலைக்குள் இருக்கவே இல்லை.

முதல் பத்து வருடம்: வேகமும் கழிவும்

தொடக்கத்தில் முட்டுவது உறைய வைக்கும் வேகத்தில். அதற்கு மருந்து பொருத்தமான உறைபொறி என்று மேலே பார்த்தோம். அதை வாங்கியவுடன் ஒடுக்கம் உரிக்கும் மேசைக்கு நகரும். 1 கிலோ முழு இறாலின் தலையை நீக்கினால் மிஞ்சுவது சுமார் 600 முதல் 650 கிராம்; ஓட்டையும் உரித்தால் ஏறக்குறைய பாதி. ஒரு நாளைக்கு 1 தொன் உரித்த இறால் வேண்டுமானால், 2 தொன் முழு இறால் காலையில் வந்து சேர வேண்டும். அதை ஐஸோடு வைத்தே உரித்து முடிக்கப் பழகிய கைகள் வேண்டும். மாலையில் 1 தொன் தலையும் ஓடும் நாறத் தொடங்குமுன் வெளியேற வேண்டும். கழிவுக்கு முதல் நாளே வழி யோசிக்காத தொழிற்சாலையை அயலவர்களே நிறுத்திவிடுவார்கள். அது நியாயமும்கூட.

இரண்டாம் பத்து: குளிரறை, மின்சாரம், கிணறு

உற்பத்தி கூடியதும் வைக்க இடம் போதாமல் போகும். இங்கே இயற்கை பெரியவர்களுக்குச் சலுகை தருகிறது. ஐஸ் பாளத்தை உடைத்த சில்லு சட்டென்று கரைந்துவிடும். முழுப் பாளம் சாக்குக்குள் பகல் முழுக்க நிற்கும். குளிரறையும் அப்படித்தான். 5 மீற்றர் நீள அகல உயரமுள்ள அறையின் வெளிப்பரப்பு 150 சதுர மீற்றர், கொள்ளளவு 125 கன மீற்றர். பக்கத்தை 10 மீற்றராக்கினால் பரப்பு 600, கொள்ளளவு 1,000. வெப்பம் கசியும் பரப்பு 4 மடங்கு, பொருள் கொள்ளும் இடம் 8 மடங்கு. ஒரு கிலோவைக் காக்கும் செலவில் கசிவின் பங்கு பாதியாகிறது. நாலு சிறிய பிறீசரை எட்டாக்கினால் இந்தச் சலுகையில் ஒரு சதமும் கிடைக்காது.

ஆனால் பெரிய அறை பெரிய பிழைகளையும் கொண்டுவரும். சுவரின் காப்புப் பலகைகளுக்கு வெளிப்பக்கத்தில் நீராவி புகாத படை சரியாக இல்லாவிட்டால், நம் ஈரக்காற்று உள்ளே புகுந்து பலகைக்குள்ளேயே ஐஸாகும். சில வருடத்தில் சுவர் பாரமேறி, காப்புத் தன்மையை இழக்கும். நிலத்துக்கும் காப்பிட வேண்டும். இல்லையேல் அடியிலுள்ள ஈரமண் மெல்ல மெல்ல உறைந்து விரிந்து தரையை மேலே தள்ளும். இவை முதல் வருடத்தில் தெரியாது, ஏழாவது எட்டாவது வருடத்தில் தெரியும். கட்டும்போது மிச்சம் பிடித்த காசு அப்போது பல மடங்காகத் திரும்பப் போகும்.

மின்சாரத்தில் ஒரு கைக்கணக்கு உண்டு: குளிரூட்டியின் உள் வெப்பநிலையைத் தேவைக்கு மேல் ஒவ்வொரு பாகை இறக்குவதற்கும் மின்செலவு 2 முதல் 3 சதவீதம் கூடும். பாதுகாப்புக்கு என்று குளிரறையை −28 இல் ஓட்டுபவர், வருடம் முழுவதும் அதற்குப் பணம் கட்டுகிறார்.

கரண்ட் நின்றால் என்ன செய்வது? நிரம்பிய குளிரறை கதவு திறக்காமல் பல மணித்தியாலம் தாங்கும். உறைந்துகொண்டிருக்கும் நடுவில் நின்ற பிளாஸ்ட் பிறீசர் தாங்காது; −1 க்கும் −5 க்கும் இடையில் அது நின்றுவிட்டால் அந்தத் தொகுதி முழுவதும் மெதுவாக உறைந்த பொருளாகிவிடும். ஆகவே ஜெனரேற்றர் முதலில் எதற்கு என்ற வரிசையை எழுதி ஒட்டிவைக்க வேண்டும். மோட்டார் நேரடியாகத் தொடங்கும்போது ஓடும்போது எடுப்பதைவிட 5 முதல் 7 மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஓடும் அளவை மட்டும் பார்த்து ஜெனரேற்றர் வாங்கினால், கொம்பிரசர் தொடங்கும் கணத்தில் அது இழுத்துப் படுத்துவிடும். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு நடந்தது, டீசலுக்கு வரிசை. ஜெனரேற்றர் இருந்தவருக்கும் டீசல் இல்லையென்றால் ஜெனரேற்றர் இல்லாதது போலத்தான்.

குடாநாட்டுக்கே உரிய இன்னொரு ஒடுக்கம் தண்ணீர். நம் கிணற்றுநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறி வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளை எல்லோர் வீட்டிலும் உண்டு. அதே வெள்ளை, தண்ணீரால் வெப்பத்தை வெளியே கொட்டும் குழாய்களிலும் படியும். போர்வை போர்த்திய குழாய் வெப்பத்தை விடாது. கொம்பிரசர் கூடுதல் அழுத்தத்தில் உழைத்து மின்சாரத்தைக் குடிக்கும். ஒரு கடும் வெயில் நாளில் தானாக நின்றுவிடும். தண்ணீரை மென்னீராக்கும் ஏற்பாடும் குழாய்களைக் காலம் தவறாமல் சுத்தம் செய்வதும் இங்கே ஆடம்பரமல்ல. உணவில் படும் நீரும் கிளேஸுக்கான நீரும் ஐஸுக்கான நீரும் குடிநீர்த் தரத்தில் இருக்க வேண்டும் என்பது தனி.

சுருக்கமாக, முதல் பத்தில் தொழிற்சாலை உறைய வைக்கப் பழகுகிறது. இரண்டாம் பத்தில் இடைவிடாமல் ஓடப் பழகுகிறது.

மூன்றாம் பத்து: பருவம்

ஓர் உற்பத்தி வரிசை வருடத்துக்கு 300 நாள் ஓடும் என்று கணக்கிட்டு வாங்கப்படுகிறது. வங்கிக் கடனும் காவல்காரர் சம்பளமும் குளிரறை மின்சாரமும் ஓடினாலும் ஓடாவிட்டாலும் உண்டு. கடலில் படும் பருவத்தில் 100 நாள் மட்டும் ஓடினால், ஒவ்வொரு கிலோவும் மூன்று மடங்கு நிலையான செலவைச் சுமக்கும். வெறுமனே இன்னொரு இயந்திரம் வாங்கினால் சும்மா நிற்கும் இயந்திரம் இரண்டாகும்.

ஆகவே கம்பனிகள் இந்த இடத்தில் இரண்டாவது, மூன்றாவது பொருளைத் தேடுகின்றன: முருங்கைக்காய், பலாக்காய், தேங்காய்ப்பூ, றோல்ஸ், இடியப்பம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இறாலும் நண்டும் சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தருபவை. காலையில் நண்டு உரித்த மேசையில் மாலையில் மரக்கறி றோல்ஸ் சுற்ற முடியாது. தனி அறை, தனிப் பாத்திரம், தனி உடுப்பு வேண்டும். புதுப் பொருள் என்பது பாதி புதுத் தொழிற்சாலை.

பொருள் விளையும் இடத்துக்கே போய்ப் பருவத்தை நீட்டுவது மற்ற வழி. கனடாவின் மக்கெயின் கம்பனி 1957 இல் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் ஃபுளோரன்ஸ்வில் என்ற சிற்றூரில், உருளைக்கிழங்கு விளையும் வயல்களின் நடுவே தொடங்கியது. அதன் வளர்ச்சியில் திரும்பத் திரும்பக் காணப்படும் ஒழுங்கு: முதலில் ஒரு நாட்டுக்கு ஏற்றுமதி செய்து வாங்குபவரைச் சேர்ப்பது, பிறகு அங்கே தொழிற்சாலை கட்டுவது. இந்தியாவில் குஜராத்தில் தொழிற்சாலை கட்டுமுன் விவசாயிகளோடு பல வருடம் சேர்ந்து, பொரிப்பதற்கு ஏற்ற கிழங்கை விளைவித்துப் பார்த்தது. கறிக்கு நல்ல கிழங்கு பொரியலுக்கும் நல்லதாக இருக்க வேண்டியதில்லை. பொரியலுக்கு நீர் குறைந்த, சீனி குறைந்த, நீண்ட கிழங்கு வேண்டும். முருங்கைக்காய்க்கும் இதே பாடம் பொருந்தும். சந்தையில் மிஞ்சியதை வாங்கி உறைய வைத்தால் ஒரு பக்கற்றில் பிஞ்சும் முற்றலும் கலந்திருக்கும். வாட்டும் நிமிடத்தை யாருக்குப் பார்த்து வைப்பது?

காசு எங்கே நிற்கிறது

விற்பனை கூடினால் கையில் காசு கூடும் என்பது இந்தத் தொழிலில் நெடுநாள் பொய்யாகவே இருக்கும். ஒரு எடுத்துக்காட்டைப் பாருங்கள். நாளொன்றுக்கு 1 தொன் செய்கிற கம்பனி, 25 தொன் கொள்ளும் ஒரு கொள்கலனை நிரப்ப 25 நாள் எடுக்கும். லொறிக்கும் துறைமுகத்துக்கும் 3 நாள், கடலில் 25 நாள், வாங்குபவர் கேட்கும் தவணை 45 நாள் என்று வைத்தால் மொத்தம் 98 நாள். கரையில் சம்மாட்டிக்குக் காலையிலேயே காசு கொடுத்தாயிற்று. அதாவது காசு வந்து சேருமுன் 98 தொன்வரையான பொருளின் விலை வழியில் நிற்கிறது. இதுவே சுழல்மூலதனம்: திரும்பி வரும்வரை தொழிலுக்குள் கட்டுண்டு கிடக்கும் காசு.

உற்பத்தியை நாளைக்கு 5 தொன்னாக்கினால் கொள்கலன் 5 நாளில் நிரம்பும். சுற்று 78 நாளாகக் குறையும். நல்ல மாற்றம்தான். ஆனால் வழியில் நிற்கும் பொருள் 390 தொன்வரை போய்விடுகிறது. ஐந்து மடங்கு வளர்ந்த கம்பனிக்கு ஏறக்குறைய நாலு மடங்கு கட்டுண்ட காசு வேண்டும். இலாபத்தில் ஓடியபடியே காசில்லாமல் மூடப்படும் கம்பனிகளின் கதை இதுதான்.

காகிதமும் ஓர் ஒடுக்கம்

ஹசப் என்று எல்லோரும் சொல்வது, உணவு எங்கே எப்படி ஆபத்தாகலாம் என்று படிப்படியாக முன்கூட்டியே ஆராய்ந்து, தவறவே கூடாத படிகளில் எல்லை வைத்து, ஒவ்வொரு நாளும் அளந்து எழுதிவைக்கும் முறை. அமெரிக்கா 1997 இன் இறுதியில் கடலுணவுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பத் தொழிற்சாலை அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இருக்க வேண்டும். இலங்கையில் அதற்குப் பொறுப்பானது கடற்றொழில் நீரியல் வளத் திணைக்களம்.

கோவையை அலங்காரமாக நினைப்பவர்கள் 2015 ஐ நினைவில் வைக்க வேண்டும். சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று சொல்லி, அந்த வருட ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கலங்கள் பிடித்த மீனுக்குக் கதவை மூடியது. 2016 இல்தான் திறந்தது. உறைபொறி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அந்தக் கதவை அது திறக்காது. எந்தக் கரையில், எந்தக் கலத்தில், எந்த நாளில் பிடித்தது என்று பக்கற்றிலிருந்து பின்னோக்கிச் சொல்ல முடிவதைத் தடமறிதல் என்பார்கள். கரையில் கொப்பி எழுதும் பழக்கம் இல்லாமல் அது வராது. அதைப் பழக்க இயந்திரம் பூட்டுவதைவிட நீண்ட காலம் எடுக்கும்.

யாழ்ப்பாணத்தில் வருடங்களை எங்கிருந்து எண்ணுவது

1957 இல் தொடங்கிய கனடாக் கம்பனிக்கு அதன் பின் வந்த பத்து வருடங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. குடாநாட்டில் போரால் 1990 இல் மின்சாரம் நின்றது. எரிபொருளும் மின்கலமும் தடைப் பட்டியலில் இருந்தன. கடலுக்குப் போவதற்கே கட்டுப்பாடு. குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி 2002 இல் திறந்து, 2006 ஆகஸ்ட்டில் மறுபடி மூடப்பட்டு, 2009 க்குப் பிறகே நிலையாகத் திறந்தது. தொடர்ச்சியே சரக்காக இருக்கும் தொழிலில் இது சாதாரண இழப்பல்ல. பழகிய கைகள், குளிரூட்டி திருத்தத் தெரிந்தவர்கள், கொப்பி எழுதும் பழக்கம், வாங்குபவரின் நம்பிக்கை எல்லாமே இடையில் அறுந்தன.

எனவே இங்கே இயங்கும் கம்பனிகளில் பலவற்றை முதல் பத்திலோ இரண்டாம் பத்திலோ இருப்பவையாக எண்ணுவதே நியாயம். கொழும்புத் துறைமுகம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கிறது. அந்த இரவுப் பயணத்தில் லொறியின் குளிரூட்டி நின்றால், மாதம் முழுக்கச் செய்த வேலை வவுனியாவுக்கும் அனுராதபுரத்துக்கும் இடையில் இளகிவிடும். குளிரூட்டி மெக்கானிக் ஒருவரை நன்றாகப் பழக்கினால் அவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. எப்போதும் இருவரைப் பழக்கிவைப்பதே வழி.

வளர்ச்சியை வெளியிலிருந்து எப்படிப் பார்ப்பது

கட்டடத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். பெறும் வாசலைப் பாருங்கள்: வரும் இறாலின் நடுவில் வெப்பமானி குத்தி அளக்கிறார்களா, வந்தபடியே கொட்டுகிறார்களா? குளிரறைக் கதவு லொறி ஏற்றும் நேரம் முழுக்கத் திறந்து கிடக்கிறதா? பருவம் இல்லாத மாதத்தில் உரிக்கும் மேசையில் என்ன நடக்கிறது?

தொழிற்சாலைக்குப் போக முடியாதவர் ரொறொன்ரோக் கடையிலேயே பார்க்கலாம். தனித்தனியாக உறைந்த இறால் பக்கற்றை எடுத்து அசைத்தால் கூழாங்கல் போலச் சலசலக்க வேண்டும். ஒரே கட்டியாக இருந்தாலோ, உள்ளே உதிரிப் பனி மூலையில் குவிந்திருந்தாலோ வழியில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கிறது. கொள்கலனோடு போகும் சிறு பதிவுக்கருவி, சில நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை எழுதிக்கொண்டே போகும். எந்த நாளில் எந்த நேரத்தில் கோடு −18 ஐத் தாண்டி மேலே ஏறியது என்று அந்தத் தாளை விரித்துக் காட்டக்கூடிய கம்பனிக்கு, அடுத்து எந்த இடத்தில் காசு போட வேண்டும் என்று வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.